பத்திரத்தில் பெயருள்ள வீட்டுக்காரம்மாக்களுக்கு



வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. தனியாகவோ, கணவர் பெயரோடு சேர்ந்தோ. மாடி போர்ஷனிலோ பக்கத்துத் தெரு ஃபிளாட்டிலோ குடித்தனக்காரர் இருக்கிறார். மாதம் பிறந்தால் வாடகை வருகிறது. அது எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது, யாருடைய ரிட்டர்னில் ஏறுகிறது என்று கேட்டால், "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்கிறீர்கள். வரிக் கணக்கு எழுதித் தரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருடமாக இந்தப் பதிலைக் கேட்டுவரும் ஒருத்தி எழுதும் மடல் இது. கணவர்கள் படிக்கக் கூடாது என்றில்லை. அவர்களுக்கு விவரம் சொல்ல ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட வழியில்லை. வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் இருவரும் தனித்தனி ஆட்கள். வீட்டு வாடகை யாருடைய வருமானம்? வீட்டின் உரிமையாளருடையது என்கிறது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. வாடகையைக் கையில் வாங்குபவர் யார், யாருடைய ஜிபேக்கு வருகிறது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இருவர் பெயரில் வீடு இருந்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெளிவாக இருந்தால், 26-ஆம் பிரிவின்படி அவரவர் பங்கு வாடகை அவரவர் கணக்கில் ஏறும். (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறினாலும் இங்கே சொல்லும் விதிகள் தொடர்கின்றன. நாக்குக்குப் பழகிய பழைய எண்களையே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

இதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு உடனே ஒரு யோசனை வரும். மனைவி பெயரில் வீட்டை மாற்றிவிட்டால் வாடகைக்கு வரியே இல்லையே! கணக்கும் அப்படித்தான் காட்டும். மாதம் 40,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். வருடத்துக்கு 4,80,000. வீட்டு வரியாகக் கட்டிய 10,000 ரூபாயைக் கழித்தால் 4,70,000. அதில் பழுது பார்ப்பு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சட்டமே 30 சதவீதம் தள்ளிவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் அந்த 1,41,000 ரூபாய் கழிவு உண்டு. மீதி 3,29,000. புதிய வரித் திட்டத்தில் 24 லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டும் கணவருக்கு இதன் மேல் 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,02,648 ரூபாய் கட்ட வேண்டும். வேறு வருமானமே இல்லாத மனைவிக்கு? 4 லட்சம் வரை வரியே கிடையாது. பூஜ்யம்.

ஒரு லட்ச ரூபாய் வித்தியாசம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒரு செட்டில்மெண்ட் எழுதினால் ஆயிற்று. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. ஒரே வருடத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும் என்று சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் நிறைய உண்டு.

அவர்கள் சொல்லாமல் விடுவது 27-ஆம் பிரிவு. போதிய பிரதிபலன் வாங்காமல் வாழ்க்கைத் துணைக்கு வீட்டை எழுதிக்கொடுத்தால், வாடகை வரிக்கு எழுதிக்கொடுத்தவரே இன்னமும் உரிமையாளர். பத்திரம், பட்டா, மின் இணைப்பு மூன்றிலும் உங்கள் பெயர் இருக்கலாம்; 1,02,648 ரூபாய் அவர் தலையில்தான். "என் மனைவி மேல் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்" என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். அன்பும் பாசமும் போதிய பிரதிபலன் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது.

சரி, வீடாகக் கொடுத்தால்தானே சிக்கல், பணமாகக் கொடுத்து அவள் பெயரில் வாங்கிவிடலாம் என்பார்கள். அதற்கு 64-ஆம் பிரிவு காத்திருக்கிறது. கணவர் சும்மா கொடுத்த பணம் எந்த உருவம் எடுத்தாலும், அதிலிருந்து வரும் வருமானம் அவருடைய வருமானத்தோடு சேரும். கடனாகக் கொடுத்து, நீங்கள் வட்டியோடு திருப்பிக் கட்டினால் கதை வேறு. ஆனால் அது நிஜக் கடனாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் போனதும் வந்ததும் தெரிய வேண்டும்.

மனைவி பெயரில் வாங்குவதே குற்றமோ என்று பயப்படாதீர்கள். கணக்கில் வந்த பணத்தில் மனைவி பெயரில் சொத்து வாங்குவதை பினாமிச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு. ஒரு கை உங்கள் பெயரைப் போடு என்கிறது. இன்னொரு கை அந்தப் பெயரை நம்ப மாட்டேன் என்கிறது. அதே பினாமி விலக்கு, "பணம் என்னுடையது, பெயர் மட்டும்தான் அவளுடையது" என்று பின்னாளில் கணவரே வழக்காடவும் வழி வைக்கிறது. வரி மிச்சமாகும் என்று நம்பி உங்கள் பெயரைப் போட்டவர் நாளைக்கு எந்தப் பக்கம் நின்று பேசுவார் என்பது அந்தக் குடும்பத்தின் நேரத்தைப் பொறுத்தது.

இத்தனை கட்டுக்காவல் ஏன் என்று நியாயமாகவும் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய வருமானக்காரர்கள் தங்கள் சொத்துகளை மனைவி பெயரிலும் சிறு பிள்ளைகள் பெயரிலும் பிரித்து வைத்து வரியைக் குறைத்தார்கள். அதைத் தடுக்க 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1937-இல் ஒரு விதி சேர்ந்தது. அந்தக் காலத்து விதி 'மனைவி' என்றே பேசியது. அது சொல்லும் 'தனிநபர்' ஆணைத்தான் குறிக்கும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றமும் பொருள் கொண்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 'வாழ்க்கைத் துணை' என்று மாற்றி எழுதியதால், இப்போது மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் இதே கதிதான். ஏய்ப்பைத் தடுக்கும் விதி வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. என் கோபம், அந்த விதிக்கு விட்டிருக்கும் இரண்டு வாசல்களைப் பார்க்கும்போது வருகிறது.

ஒன்று, கல்யாணத்துக்கு முந்தைய வாசல். சொத்தைக் கொடுக்கும் நாளிலும் வருமானம் வரும் நாளிலும் இருவரும் கணவன் மனைவியாக இருந்தால்தான் விதி பொருந்தும் என்பது 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிச்சயம் செய்த பெண்ணுக்குத் தாலி கட்டுமுன் எழுதிக்கொடுத்தால் வருமானம் அவளுடையது. இன்னொன்று 27-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது: பிரிந்து வாழும் உடன்பாட்டின்படி எழுதிக்கொடுத்த வீட்டுக்கு விதி பொருந்தாது. ஆக, இன்னும் மனைவியாகாதவளையும் இனி சேர்ந்து வாழாதவளையும் முழு உரிமையாளராக மதிக்கிற சட்டம், நடுவில் முப்பது வருடம் அவர் கூடவே இருந்து சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவளை மட்டும் மதிப்பதில்லை. அவள் எதுவும் 'கொடுக்கவில்லை' என்பதுதான் காரணம்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வேறு மாதிரி கணக்குப் போட்டார். கணவர் சவூதியில் வேலை செய்து பணம் அனுப்பினார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு சொத்துகள் வாங்கினார், பிறகு சண்டை. கணவர் எட்டு மணி நேரம் உழைத்தால் மனைவி நாள் முழுவதும் உழைக்கிறாள், அந்த உழைப்பில்லாமல் அவரால் சம்பாதித்திருக்க முடியாது, எனவே அவளுக்கும் சமபங்கு என்பது தீர்ப்பின் சாரம். அது சிவில் வழக்கு. வருமான வரிச் சட்டத்தை அது தொடவில்லை. ஆனால் அடுப்படி உழைப்பையும் பங்களிப்பாக எண்ண நீதிமன்றத்தால் முடியும் என்பது அதில் நிரூபணமானது.

வருமான வரிச் சட்டத்துக்கும் அது முடியாத காரியமில்லை. கோவாவைப் பாருங்கள். போர்த்துகீசியர் விட்டுப்போன சிவில் சட்டப்படி அங்கே திருமணத்தோடு சொத்தும் இருவருக்கும் பொதுவாகிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட தம்பதியருக்காக வருமான வரிச் சட்டத்தில் 5-ஏ என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. சம்பளம் நீங்கலாக மற்ற வருமானம், வீட்டு வாடகை உட்பட, கணவனுக்குப் பாதி மனைவிக்குப் பாதி. அவரவர் ரிட்டர்னில் அவரவர் பாதி. 1994-இல் சேர்த்து 1963-இலிருந்து பின்தேதியிட்டு நடைமுறைப்படுத்தினார்கள். மாப்புசாவில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கும் கோவா தம்பதியருக்கு நம் உதாரணத்தின் 3,29,000 ரூபாய் தலைக்கு 1,64,500 ஆகும். கணவரின் வரி 51,324 ரூபாய், மனைவிக்கு இல்லை. குரோம்பேட்டையில் அதே வாடகை வாங்கும் தம்பதியர் இரண்டு மடங்கு கட்டுகிறார்கள். ஒரே நாடு, ஒரே வருமான வரிச் சட்டம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பத்திரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பணம் யாருடையது என்பதுதான் கேள்வி.

முழுக்க அவருடைய பணம் என்றால், வாடகை அவர் ரிட்டர்னில்தான் ஏற வேண்டும். இப்போது உங்கள் பெயரில் தனி ரிட்டர்ன் போட்டு வருமானத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தால் அது கண்டுபிடிக்கப்படும் நாள் தூரத்தில் இல்லை. குறைத்துக் காட்டினால் வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே திரித்தால் 200 சதவீதம். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. வரி அவர் கட்ட வேண்டும் என்பதால் பணமும் அவர் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடகை உங்கள் கணக்கில் விழட்டும். அப்படிச் சேர்ந்த வாடகையை நீங்கள் வைப்பு நிதியில் போட்டு வரும் வட்டி உங்களுடையது. அது அவர் வருமானத்தோடு சேராது. சேர்ப்பு விதியின் கை முதல் வருமானத்தோடு நின்றுவிடுகிறது.

இருவர் சம்பளத்திலும் வாங்கிய வீடு என்றால் சிக்கல் வேறு. "இவரும் இவர் மனைவியும்" என்று மட்டும் எழுதி, பங்கு எழுதாமல் விட்ட பத்திரங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. பத்திர எழுத்தர் போன பத்திரத்தின் வாசகத்தை அப்படியே இறக்கிவிடுவார். கூட்டாக வாங்கிய சொத்தில் யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இருந்தால் அந்த விகிதம். சான்றே இல்லையென்றால் சமபங்கு என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. கடன் தவணை உங்கள் சம்பளக் கணக்கிலிருந்தும் போயிருந்தால் அந்த ஸ்டேட்மெண்ட்களைப் பத்திரப்படுத்துங்கள். வாடகையில் உங்கள் பங்கு உங்கள் ரிட்டர்னில் வரட்டும், கடன் வட்டியில் உங்கள் பங்கும் அங்கேயே கழியட்டும். ஒரு வருடம் அவருக்கு 70 எனக்கு 30, அடுத்த வருடம் வசதிக்கு ஏற்ப 40க்கு 60 என்று மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ரிட்டர்ன் படிவமே கூட்டு உரிமையாளரின் பெயர், பான் எண், பங்கு மூன்றையும் கேட்கிறது. இரண்டு ரிட்டர்னும் ஒரே கணினியில்தான் போய் உட்காருகின்றன.

மூன்றாவது வகை வீடுதான் எனக்கு மிகவும் வலிக்கும் வகை. அம்மா வீட்டில் போட்ட நகையை விற்று வாங்கிய மனை. அப்பா காலமானபின் பங்காக வந்த வீடு. வேலையை விட்டபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் கட்டிய மாடி. தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு 1989 மார்ச்சிலேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் வந்தது 2005-இல். அந்தப் பங்கில் வரும் வாடகைக்கும் உங்கள் கணவருக்கும் வரிச் சட்டத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. 27-ஆம் பிரிவும் கிடையாது, 64-ஆம் பிரிவும் கிடையாது. ஆனாலும் அந்த வாடகை அவர் ரிட்டர்னில் ஏறியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், "குடும்பத்துக்கு ஒரு ரிட்டர்ன் போதும்னு சொன்னாங்க." வாடகை அவர் வருமானமாகவே இருபது வருடம் பதிவாகிவிட்டால், வீடே அவர் பணத்தில் வந்தது என்று யாராவது சொல்லும் நாளில் உங்கள் பக்கம் காட்டக் காகிதம் இருக்காது. வில்லங்கச் சான்றைப் போலவே ரிட்டர்னும் ஒரு சாட்சி. அது உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

நகையை விற்ற ரசீதைத் தொலைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அந்தப் பணத்தில் வீடு வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 54-எஃப் பிரிவு விலக்குத் தரும். வரியைவிட முக்கியம், இந்த வீடு உங்கள் அம்மா போட்ட நகை என்பதற்கு அந்த ரசீதுதான் ஆதாரம்.

குடித்தனக்காரர் பக்கமும் ஒரு கண் வையுங்கள். அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர், வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். பத்திரம் உங்கள் பெயரில். அக்ரிமெண்டில் கையெழுத்து அவருடையது. குடித்தனக்காரர் கொடுத்த பான் எண்ணும் அவருடையது. ரிட்டர்னோ மூன்றாவது மாதிரி. நோட்டீஸ் வருவதற்கு இவ்வளவு போதும். அக்ரிமெண்டில் உரிமையாளர் யாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டு என்றால் இருவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. இந்தப் பிரித்துக் காட்டும் வித்தையால் பெரும்பாலான வீடுகளுக்கு இப்போது ஒரு பைசா லாபம் கிடையாது. புதிய திட்டத்தில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே இல்லை. சம்பளமும் வாடகையும் சேர்ந்து அதைத் தாண்டாத கணவர், எதற்காக மனைவி பெயரில் பொய்க் கணக்குக் காட்ட வேண்டும்? பணக்காரன் வீட்டுப் பழக்கம் என்பதால் நாமும் செய்கிறோம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீடுகளில் வாடகை மனைவி கணக்கில் ஏறாமல் இருப்பதற்கு வரி காரணமே அல்ல என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

சிலர் பெயரில் ரிட்டர்ன் போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. வரித்துறைத் தளத்தில் பதிந்திருப்பது கணவரின் கைபேசி எண், அல்லது ஆடிட்டர் அலுவலகத்துப் பையனுடையது. ஆதாரோடு இணைந்த எண் மட்டும் உங்களிடம் இருந்தால் ஜூலை மாதக் கடைசியில் ஒரு போன் வரும்: "அம்மா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க." சமையல் கையோடு ஆறு எண்ணையும் படித்துச் சொல்லிவிடுவீர்கள். அதுதான் உங்கள் கையெழுத்து. அந்த ரிட்டர்னில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். போன் செய்த பையன் அல்ல. உண்மையான வருமானத்துக்கு உங்கள் பெயரில் ஒழுங்காகப் போகும் ரிட்டர்னோ, பின்னாளில் மகள் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்கும்போதும் வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் உங்கள் பெயரிலேயே காட்டக் கூடிய காகிதம்.

சட்டத்தைப் பற்றிய என் கோரிக்கை சிறியது. 27-ஐயும் 64-ஐயும் எடுத்துவிடச் சொல்லவில்லை. கோவா தம்பதியருக்குக் கொடுத்த பாதியை, விரும்பிக் கேட்கும் மற்றத் தம்பதியருக்கும், அவர்கள் வாடகைக்கு விட்ட ஒரு வீட்டுக்காவது கொடுங்கள் என்கிறேன். அந்த ஒரு வீட்டின் பாதி வாடகை மனைவியின் பெயரில், அவள் ரிட்டர்னில், அவள் கணக்கில் ஏற வேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கட்டும். தம்பதியர் சேர்ந்து ரிட்டர்ன் போட அனுமதியுங்கள் என்று கணக்குத் தணிக்கையாளர்களின் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ. 2025 பட்ஜெட்டுக்கு முன் கேட்டது. அதைவிட என் கோரிக்கையே எனக்குப் பிடித்திருக்கிறது. சேர்த்துப் போட்டால் மறுபடியும் ஒரே கையெழுத்துத்தான் இருக்கும். அது யாருடையது என்று நமக்குத் தெரியும்.

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்னும் நிதி அமைச்சகம் மைகவ் தளத்தில் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்கிறது. தொழில் அமைப்புகள் எழுதுகின்றன, வீட்டுக்காரம்மாக்கள் எழுதுவதில்லை. இந்த முறை எழுதுங்கள். கோவாவின் 5-ஏ பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே, பத்திரத்தையும் போன வருட ரிட்டர்னையும் வாங்கி ஒருமுறை முழுதாகப் படியுங்கள். புரியாத வரியை உங்கள் ஆடிட்டரிடம் நீங்களே கேளுங்கள்.